கொடுத்த மனு யார் மேசையில்?

திங்கட்கிழமை என்றால் கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். காலையில் வரிசையில் நிற்க வேண்டுமென்றால் திட்டக்குடிக்காரர் இருட்டோடு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பெண்ணாடம், விருத்தாசலம் வழியாகக் கிழக்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் திட்டக்குடி, கடற்கரையில் தலைநகர். வெள்ளாற்றைத் தாண்டி நடந்தால் வேறு மாவட்டமே வந்துவிடும். சொந்த மாவட்டத்தின் ஆட்சியரைப் பார்க்கத்தான் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும்.

இவ்வளவு தூரம் போய் அவர் கொடுப்பது ஒரு தாள். அனுப்புநர், பெறுநர், பொருள், ‘அய்யா, வணக்கம்’. எங்கள் தெருவில் வாய்க்கால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சாக்கடை வழிகிறது, நகராட்சியில் பலமுறை சொல்லியும் ஆள் வரவில்லை. ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் கடைசிப் பத்தியில் ஒரு அரசாணையையும் சேர்த்துவிடுவார்: பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 99, நாள் 21.09.2015. மனு வந்த மூன்று நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் மனு கொடுக்கும் பழக்கமுள்ள பலருக்கும் இந்த எண் மனப்பாடம்.

மேசைக்குப் பின்னால் இருப்பவர் மனுவை வாங்கி, கணினியில் பதிந்து, எண் போட்டுக் கொடுக்கிறார். கைப்பேசிக்கும் குறுஞ்செய்தி வந்துவிடும். இதுவரைக்கும் ஒழுங்காகத்தான் நடக்கிறது. இதற்குப் பிறகு அந்தத் தாள் எங்கே போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஆட்சியர் அலுவலகத்திலிருந்து மனு சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும். சம்பந்தப்பட்ட துறை எது? நகராட்சி. ஆணையர் அதைப் பிரிவுக்கு அனுப்புவார். வாய்க்கால் என்றால் பொறியியல் பிரிவு, குப்பை என்றால் சுகாதாரப் பிரிவு. அங்கிருந்து அது அந்த வார்டைப் பார்க்கும் ஊழியரிடம் வந்து சேரும். ஆள் வரவில்லை என்று யாரைப் பற்றி எழுதியிருந்ததோ அவரிடமே, அல்லது அவருக்கு நேர் மேலே இருப்பவரிடம். அவர் ஓர் அறிக்கை எழுதுவார். ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது. நிதி ஒதுக்கீடு பெற்றவுடன் பணி மேற்கொள்ளப்படும்.’ இந்த இரண்டு வரி வந்த வழியே மேலே ஏறும். கணினியில் மனுவுக்கு எதிரே ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று விழும். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இதில் எந்த ஊழியரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வழி அப்படி அமைந்திருக்கிறது. புகார் மேலே போய்விட்டுக் கீழே இறங்கும்போது, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறது. வழியில் ஒருவர்கூட மனுதாரரை உட்கார வைத்து ‘நீங்கள் சொல்லுங்கள்’ என்று கேட்பதில்லை. நகராட்சி சொன்ன பதில் உண்மைதானா என்று வேறு கண்ணால் பார்ப்பதில்லை. முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு எழுதினாலும், 1100 என்ற உதவி எண்ணை அழைத்தாலும் கதை பெரும்பாலும் இதே. மேசை உயரமாகிறதே தவிர, தாள் வந்து விழும் இடம் மாறுவதில்லை.

2025 ஜூலை 15 அன்று இதே கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களை அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மாநிலம் முழுக்கப் பத்தாயிரம் முகாம்கள், மனுவுக்கு 45 நாளில் பதில் என்பது அறிவிப்பு. ஆட்சியரைத் தேடி 90 கிலோமீட்டர் போனவருக்கு, பல துறைகளின் மேசை சொந்த ஊருக்கே வந்தது சின்ன விஷயமல்ல. பட்டா மாறுதல், சான்றிதழ், உதவித்தொகை போன்ற கோரிக்கைகளுக்கு இப்படிப்பட்ட முகாம் நல்ல வழி. ஆனால் கோரிக்கை வேறு, புகார் வேறு. ‘எனக்கு இது வேண்டும்’ என்பதைத் துறையிடம் கேட்கலாம். ‘இந்தத் துறை எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை’ என்பதை அந்தத் துறையிடமே கேட்டு என்ன பயன்? முகாமில் வாங்கிய புகாரும் ஆய்வுக்காக நகராட்சிக்குத்தான் போக வேண்டும்.

நகராட்சியான பிறகு

திட்டக்குடி நெடுங்காலம் பேரூராட்சி. 2021-இல் தமிழக அரசு பல பேரூராட்சிகளைத் தரம் உயர்த்தியபோது, இதே மாவட்டத்து வடலூரோடு திட்டக்குடியும் நகராட்சி ஆனது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஊர் தன் முதல் நகர்மன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மாநிலம் முழுக்கச் சொத்து வரி உயர்ந்தது. வீட்டின் பரப்பையும் ஊரையும் பொறுத்து 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை. 2023 ஏப்ரலில், ஏட்டில் மட்டும் இருந்த 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பேர் மாறியது, வரி ஏறியது, சட்டம் மாறியது. எல்லாம் இரண்டு வருஷத்துக்குள். வரி ரசீதைக் கையில் வைத்திருப்பவர் தெருவிளக்கையும் குடிநீரையும் பற்றிக் கூடுதலாகக் கேட்பது நியாயம். கேட்டுக் கிடைக்காதபோது போக வேண்டிய இடம் எது என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அப்படி ஓர் இடம் இருக்கிறது. 2014 முதலே சட்டத்தில் இருக்கிறது.

உள்ளாட்சி முறைமன்ற நடுவம் என்பது அதன் பெயர். தமிழ்நாடு சட்டமன்றம் 2014-இல் நிறைவேற்றிய தனிச் சட்டத்தின் கீழ் அமைந்தது. உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மீதும் பணிபுரிபவர்கள் மீதும் வரும் ஊழல் புகார், நிர்வாக முறைகேட்டுப் புகார் ஆகியவற்றை விசாரிப்பது அதன் வேலை. கவுன்சிலர், நகர்மன்றத் தலைவர், ஆணையர், கீழே உள்ள ஊழியர் எல்லாரும் இதற்குள் வருவார்கள். இந்தியில் லோக்பால், ஆங்கிலேயருக்கு ஒம்புட்ஸ்மேன். சுவீடன் நாடு 1809-இல் நாடாளுமன்றத்தின் சார்பில் ஒரு பதவியை உருவாக்கி, அரசு அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னது. அந்த ஏற்பாட்டின் உள்ளூர் வாரிசுதான் இந்த நடுவம். ஒவ்வொரு வார்டுக்காரரின் வாயிலும் இருந்திருக்க வேண்டிய பெயர். டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். 1100 தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிகிறது என்று.

ஏன் தெரியவில்லை என்பதற்கு இது பிறந்த விதத்திலேயே ஒரு விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. 13-ஆவது நிதிக்குழு, விஜய் கேல்கர் தலைமையில், 2010 முதல் 2015 வரைக்கான பரிந்துரையைத் தந்தபோது உள்ளாட்சிகளுக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதியைச் செயல்திறன் மானியம் என்று தனியே வைத்தது. அதை வாங்க மாநிலங்கள் சில நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். அவற்றில் ஒன்று, உள்ளாட்சிகள் மீதான புகாரை விசாரிக்கச் சுதந்திரமான ஓர் அமைப்பு. தமிழ்நாட்டின் சட்டம் வந்தது அந்த ஐந்தாண்டின் கடைசிக் காலத்தில். தெருவில் நின்று யாரும் கேட்டு வாங்கிய சட்டமாக அது இல்லை. கேட்டு வாங்கியிருந்தால் பெயராவது ஊருக்குத் தெரிந்திருக்கும்.

கேரளம் முதலில் பணத்தைக் கொடுத்தது

பக்கத்தில் கேரளத்தில் கதை வேறு மாதிரி நடந்தது. 1996-இல் அங்கே மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத்தின் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தார்கள். பணம் இவ்வளவு கீழே இறங்கினால் யார் கண்காணிப்பது என்ற கேள்வி உடனே எழுந்தது. எஸ்.பி. சென் தலைமையில் அமைந்த அதிகாரப் பரவலாக்கக் குழு, அரசின் பிடிக்குள் இல்லாத ஒரு விசாரணை அமைப்பு வேண்டும் என்றது. 1999-இல் பஞ்சாயத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2000-இல் ஏழு பேர் கொண்ட ஒம்புட்ஸ்மேன் குழு வந்தது. அதில் உயர் நீதிமன்ற நீதிபதி, மாவட்ட நீதிபதிகள், செயலாளர் நிலை அதிகாரிகள், பொதுவாழ்வில் மதிப்புள்ளவர்கள் என எல்லாத் தரப்பும் இருந்தது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறி, ஏழு பேர் ஒருவராகச் சுருங்கினார்கள். அந்த ஒருவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவராக இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் நின்றது.

ஏழு ஒன்றானதில் எனக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும் அங்கே அது உயிரோடு இருக்கிறது. காரணம் எளிது. வீட்டுக்கு எண் தராமல் இழுத்தடித்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் விதி மீறிக் கட்டியதைப் பஞ்சாயத்து கண்டுகொள்ளவில்லை என்ற சாதாரணப் புகார்களும் அங்கே வழக்காக ஏற்கப்படுகின்றன. பஞ்சாயத்துச் செயலாளர் எதிர்த்தரப்பாக அழைக்கப்பட்டுப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இருவரும் ஒரே அறையில். மனு எண்ணுக்கும் விசாரணைக்கும் உள்ள வித்தியாசம் அந்த அறைதான்.

இங்கிலாந்தில் 1974-இல் உள்ளாட்சி ஒம்புட்ஸ்மேன் வந்தபோது ஒரு வேடிக்கையான தடை இருந்தது. குடிமகன் நேரே போக முடியாது. கவுன்சிலர் மூலமாகத்தான் புகார் கொடுக்க வேண்டும். கவுன்சில் மீதான புகாரைக் கவுன்சிலரே கொண்டுபோக வேண்டுமா என்ற கேள்வி நெடுநாள் கேட்கப்பட்டு, 1988-இல்தான் கதவு திறந்தது. இலங்கையிலும் இதே கதைதான். 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகவே குறைகேள் அதிகாரியை அணுக முடிந்தது. 1994-இல் சட்டத்தைத் திருத்திய பிறகே நேரே போகலாம் என்றானது.

இங்கிலாந்து ஒம்புட்ஸ்மேனுக்குக் கவுன்சிலைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. பரிந்துரைதான் செய்ய முடியும். அப்படியிருந்தும் பெரும்பாலான கவுன்சில்கள் கீழ்ப்படிகின்றன, ஏனென்றால் முடிவுகள் எல்லாம் இணையத்தில் பகிரங்கமாகக் கிடக்கின்றன. புகார் செய்தவரின் பெயரை மறைத்துவிட்டு, கவுன்சிலின் பெயரை மறைக்காமல். ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஆண்டுதோறும் ஒரு கடிதம் போகிறது: உங்கள் மீது இத்தனை புகார், இத்தனையில் தவறு உங்களுடையது. அண்மை ஆண்டுகளில் விரிவாக விசாரித்த புகார்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றோ அதற்கும் மேலோ கவுன்சிலின் பிழை என்றே முடிந்திருக்கின்றன. நம் ஊரில் ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று மூடிய மனுக்களை வெளியார் ஒருவர் திரும்பப் பிரித்துப் பார்த்தால் கணக்கு எப்படி இருக்கும்?

பிகாரில் ஒரு அறை

தமிழ்நாட்டில் பிகாரை உதாரணம் காட்டினால் சிரிப்பவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் சிரிக்க முடியாது. 2015-இல் பிகார் சட்டமன்றம் பொதுமக்கள் குறைதீர்ப்பு உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது; 2016 ஜூன் 5 முதல் நடைமுறை. அதன்படி ஒவ்வொரு உட்கோட்டத்திலும் குறைதீர்ப்பு அதிகாரி என்றே தனியாக ஒருவர். அவருக்கு வேறு துறை வேலை கிடையாது. மனு வந்தால் அவர் அதைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவ முடியாது. தேதி குறித்து, மனுதாரரையும் அந்த அலுவலகத்தின் பொறுப்பாளரையும் அழைத்து, இருவரையும் கேட்டு, 60 வேலை நாளுக்குள் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். வராத, செய்யாத அதிகாரிக்கு 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம். உத்தரவு பிடிக்காவிட்டால் இரண்டு மேல்முறையீடு.

அபராதத் தொகை பெரிதல்ல. அங்கே பெரிது, ஒரு கிராமத்துக் கூலித் தொழிலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எதிரே அதிகாரி பதில் சொல்வது. மத்தியப் பிரதேசம் 2010-இல் நாட்டிலேயே முதலாகச் சேவை உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குறித்த நாளுக்குள் சான்றிதழ் தராவிட்டால் அதிகாரிக்கு அபராதம் என்றது. அதன்பின் கர்நாடகம், கேரளம் எனப் பல மாநிலங்கள். தமிழ்நாட்டில் சட்டப் பஞ்சாயத்து இயக்கம், அறப்போர் இயக்கம் போன்றவை இப்படியொரு சட்டத்தை நெடுநாளாகக் கேட்டுவருகின்றன. இலவசத் திட்டங்களில் முந்திக்கொள்ளும் மாநிலம் இதில் ஏன் கடைசி வரிசையில் நிற்கிறது என்பதற்கு எந்தக் கட்சியும் சரியான பதில் சொன்னதாக நான் அறியவில்லை.

நகராட்சி ஊழியர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். பேரூராட்சி நகராட்சியானதும் வேலை கூடுகிறது, ஆள் அதே வேகத்தில் கூடுவதில்லை. தூய்மைப் பணி ஒப்பந்தத்துக்குப் போகிறது. ஒப்பந்தக்காரர் ஆளைக் குறைத்தால் ஏச்சு வாங்குவது களத்தில் நிற்பவர். வாய்க்கால் அடைப்புக்குக் காரணம் ஊழியரின் அலட்சியமா, ஐந்து வருஷத்துக்கு முன் தப்பான மட்டத்தில் கட்டிய வாய்க்காலா, அதைக் கட்டியவருக்குப் பில் பாஸ் செய்தவரா? உள்ளேயே நடக்கும் ‘விசாரணை’யில் இந்தக் கேள்விகள் எழாது. எழுந்தாலும் கடைசியில் பழி கீழ்நிலை ஆளின் தலையில் இறங்கும். வெளியார் ஒருவர் கோப்பைக் கேட்டு வாங்கிப் படித்தால்தான் உண்மையான காரணம் மேலே வரும். அந்த விதத்தில் சுதந்திர விசாரணை ஊழியருக்கும் பாதுகாப்பு.

பணமில்லை என்ற பதிலுக்கும் நாட்டில் ஒரு தீர்ப்பு உண்டு. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகராட்சி. திறந்த சாக்கடை, சாராய ஆலைக் கழிவு, கழிப்பறை இல்லாததால் தெருவோரமே கழிப்பிடம். பொறுக்க முடியாமல் அந்தப் பகுதி மக்கள் நகராட்சி மீது உட்கோட்ட நடுவரிடம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் புகார் கொடுத்தார்கள். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் பிரிவு அது. ஆறு மாதத்துக்குள் திட்டம் போடு என்று நடுவர் உத்தரவிட்டார். நகராட்சி, நிதி இல்லை என்று சொல்லிக்கொண்டே உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980 ஜூலையில் வி.ஆர். கிருஷ்ண ஐயரும் ஓ. சின்னப்ப ரெட்டியும் அமர்ந்த அமர்வு, பணப் பற்றாக்குறை ஒரு நகராட்சி தன் அடிப்படைக் கடமையைக் கைவிடச் சாக்காகாது என்று தீர்த்தது.

அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது. 2024 ஜூலை முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதன் எண் 152. திட்டக்குடிக்கு அந்த அதிகாரம் உள்ளவர் கடலூரில் இல்லை, விருத்தாசலத்தில் இருக்கிறார். திட்டக்குடி வட்டம் விருத்தாசலம் வருவாய்க் கோட்டத்தில் சேர்ந்தது. பீங்கான் பொருள் வாங்கவும் ரயில் ஏறவும் போகும் அதே ஊரில், அந்தக் கோட்டத்தின் கோட்டாட்சியரே உட்கோட்ட நிர்வாக நடுவர். சாக்கடை, கழிவு, பொதுவழி அடைப்பு போன்ற பொதுத் தொல்லைக்கு அவரிடம் மனு கொடுக்கலாம். மாவட்டத் தலைநகருக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான்.

இன்னொரு கருவி தகவல் உரிமைச் சட்டம். முதலில் நகராட்சியில் எழுத்தில் புகார், கையில் தேதியோடு ஒப்புகை. அரசாணை சொல்லும் ஒரு மாதம் கழியட்டும். பிறகு பத்து ரூபாய்க் கட்டணத்தில், ‘என் மனு மீது எடுத்த நடவடிக்கை, அது தொடர்பான கோப்புக் குறிப்புகளின் நகல்’ என்று கேட்க வேண்டும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது’ என்றால் யார், எந்தத் தேதியில் என்று அந்த நகல் காட்டும். ஆய்வே நடக்காமல் எழுதியிருந்தால் அதையும் காட்டும். அந்த நகல்களோடு முறைமன்ற நடுவத்துக்கு எழுதும் புகாருக்கு வெறும் ஆதங்கத்தைவிட எடை அதிகம். என்ன கடமை, யார் செய்யத் தவறினார், எந்தத் தாள் அதற்குச் சாட்சி. நகராட்சி ஒரு மாதம் தூங்கியதும்கூட அப்போது ஆவணமாகிவிடும்.

ஆனால் இதையெல்லாம் படித்தவர், ஓய்வு பெற்றவர், நேரமுள்ளவர் செய்யலாம். சாக்கடை வழியும் தெருவில் குடியிருப்பவர் பெரும்பாலும் அப்படிப்பட்டவர் இல்லை. சென்னையிலுள்ள நடுவத்துக்குத் திட்டக்குடியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். தபாலில் புகார் போகும். விசாரணைக்கு அழைத்தால் ஆள்தானே போக வேண்டும்? கூலி வேலைக்காரப் பெண் ஒருத்தி வாய்க்கால் அடைப்புக்காகப் பெண்ணாடத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்குவாள் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

கேரளத்து ஒம்புட்ஸ்மேன் தலைமையகம் திருவனந்தபுரத்தில் இருந்தாலும், மாவட்டங்களுக்குப் போய் அங்கேயே அமர்ந்து வழக்குகளைக் கேட்கிறார். எந்த ஊரில் எந்தத் தேதியில் அமர்வு என்பது உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியாக வருகிறது. தமிழ்நாட்டு நடுவமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வருவாய்க் கோட்டத்துக்கும் வரட்டும். விருத்தாசலத்தில் கோட்டாட்சியர் அலுவலகத்தின் கூட்ட அறை போதும், புதுக் கட்டடம் வேண்டாம். திட்டக்குடி, விருத்தாசலம் நகராட்சிகளும் மங்கலம்பேட்டை, பெண்ணாடம் பேரூராட்சிகளும் அன்று தங்கள் கோப்புகளோடு வரட்டும். அமர்வு நாளையும் நடுவத்தின் முகவரியையும் ஒவ்வொரு நகராட்சி அலுவலக வாசலிலும், வரி கட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும்.